நாகப்பட்டினம் உங்கள் ஊராக இருக்காது

பூர்வீகம் தேடப் புறப்படும் பல சிங்கப்பூர்க் குடும்பங்கள் முதல் எட்டிலேயே தவறான ஊரில் போய் இறங்குகின்றன. தாத்தாவின் பழைய கடப்பிதழிலோ வேறு ஏதாவது காகிதத்திலோ ‘பிறந்த இடம்: நாகப்பட்டினம்’ என்று இருக்கும். அதை நம்பி அங்கே போய்த் தெருத்தெருவாக விசாரித்தால் யாருக்கும் அவரைத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. நாகப்பட்டினம் அவர் கப்பலேறிய துறைமுகம். ‘எங்கிருந்து வந்தாய்?’ என்று குமாஸ்தா கேட்டிருப்பார், அவரும் கப்பலேறிய இடத்தைச் சொல்லியிருப்பார். ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். அது துறைமுகமாகவும் இருக்கலாம், மாகாணமாகவும் இருக்கலாம். மாகாணம் என்றால் ஆந்திரக் கடற்கரையும் மலபாரும்கூட அதற்குள் அடங்கும். உண்மையாகவே நாகப்பட்டினத்துக்காரர்களும் உண்டுதான். ஆனால் வேறொரு காகிதம் அதையே சொல்லும்வரை நம்ப வேண்டாம்.

குடும்ப வரலாறு தேடும் கையேடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து காலனிகளுக்குப் போனவர்களின் வாரிசுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் உண்டு. 1538 முதல் தேவாலயப் பதிவேடுகள் உண்டு. 1841 முதல் ஆள் பெயரோடு குடிக்கணக்கு உண்டு. அதனால் பெயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்விடுகிறார்கள். நம் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் நிற்பது அவருடைய அப்பா பெயர். அதற்கு முந்திய தலைமுறையில் அந்தப் பெயரும் மாறிவிடும். நமக்குப் பிடி ஊர்தான். ஊர், தாலுகா, குலதெய்வம் மூன்றும் கிடைத்துவிட்டால் பெயர் தானாக வந்து சேரும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆயிரம் மாரிமுத்துகள் வந்து நிற்பார்கள்.

முதலில் வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் பேசுங்கள். ‘எந்த ஊர்?’ என்று நேராகக் கேட்டால் ‘தஞ்சாவூர்ப் பக்கம்’ என்றுதான் பதில் வரும். கேள்வியை வேறு பக்கத்திலிருந்து போட வேண்டும்.

“அப்பாயி, ஊர்லேருந்து கப்பலுக்கு எப்படி வந்தீங்க?”

“ராத்திரி மாட்டு வண்டி கட்டி, விடியக்காலம் நீடாமங்கலம் வந்து ரயிலேறுனோம்.”

ஒரு ராத்திரி வண்டிப் பயணத்தில் நீடாமங்கலம் என்றால் ஊர் அதைச் சுற்றிய இருபது முப்பது மைலுக்குள் இருக்கிறது. இப்படியே வாரச்சந்தைக்கு எங்கே போவார்கள், எந்த ஆற்றில் குளித்தார்கள், பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை, முடி இறக்கிக் காது குத்தியது எந்தக் கோயிலில், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசி இரண்டும் பொன்னான கேள்விகள். ஊர்ப் பெயரை மறந்தவர்கள்கூடக் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. வெறும் ‘அய்யனார்’ என்று சொன்னால் விடாதீர்கள். அய்யனாருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். வகையறாப் பெயர், வீட்டுப் பட்டப்பெயர், கோயிலில் எத்தனையாவது கரை (கோயில் உரிமையில் பங்குள்ள பிரிவு) என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குள் போனபின் இந்த அடையாளங்கள்தான் செல்லும். தாத்தாவின் பெயரைச் சொன்னால் ‘எந்த மாரிமுத்து?’ என்பார்கள். பட்டப்பெயரைச் சொன்னால் வீட்டையே காட்டுவார்கள்.

அடுத்து டிரங்குப் பெட்டி. சான்றிதழ்களைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். அவற்றைவிட ஊரிலிருந்து வந்த கடித உறைகளுக்கும் மணியார்டர் ரசீதுகளுக்கும் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். மாதம் தவறாமல் பணம் அனுப்பியவர் விலாசத்தைத் தப்பாக எழுதியிருக்க மாட்டார். ‘இன்ன ஊர், இன்ன அஞ்சல், இன்ன வழி, மன்னார்குடி தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா’ என்று முழுதாக இருக்கும். இதில் ‘வழி’ என்பதைக் கவனியுங்கள். தபால் பிரிந்து போகும் பெரிய ஊர் அது. ஒரே பெயரில் பத்து ஊர்கள் இருந்தாலும் ‘வழி’ வேறுபடும். விலாசம் கிழிந்திருந்தால் தபால் முத்திரையைப் பாருங்கள். அனுப்பிய அஞ்சலகத்தின் பெயர் வட்டத்தின் மேல் வளைவில் இருக்கும். மங்கிப்போயிருந்தால் உறையைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். அழுத்திய தடம் தெரியும். தபால்தலையைச் சேகரிப்புக்காக வெட்டி எடுத்திருந்தால் முத்திரையில் பாதி போயிருக்கும். மீதிப் பாதி உறையில் இருக்கும், தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

ஜாதகம் இருந்தால் அதுவும் ஒரு ஆவணம். ஆனால் தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘பிரபவ’ என்றால் 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். வருடம் சித்திரையில் பிறப்பதால், தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். இதை மறந்துவிட்டு, பிறப்புப் பதிவேட்டில் ஒரு வருடம் தள்ளித் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் நிறைய. ஜப்பானியர் காலத்துப் பிறப்புச் சான்றிதழில் 2602, 2603 என்று ஆண்டு போட்டிருந்தால் மிரள வேண்டாம். 660-ஐக் கழித்தால் 1942, 1943.

ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்பவும் முடியாது. 1948-இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் முதல் அடையாள அட்டை கொடுத்தபோது, தேதி தெரியாதவர்கள் குத்துமதிப்பாக வயதைச் சொன்னார்கள். ஜனவரி முதல் தேதி என்றோ வெறும் ஆண்டு மட்டுமோ இருந்தால் இரு பக்கமும் ஐந்தாண்டு விட்டுத் தேடுவது நல்லது.

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1872-இலிருந்து இருக்கின்றன. இப்போது அவை குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் பொறுப்பில். பதிவேட்டின் சாரத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இங்கே முட்டுக்கட்டை எழுத்துக்கூட்டல். தமிழ் ஒலியை மலாய்க்காரரோ சீனரோ ஆங்கிலேயரோ யூரேசியரோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘முத்து’ எம்-யூ-டி-எச்-யூ என்று வரலாம், எம்-டபிள் ஓ-டி-டபிள் ஓ என்றும் வரலாம். ‘கருப்பன்’ கே-யில் தொடங்காமல் சி-யில் தொடங்கி ‘கார்ப்பன்’ போல எழுதப்பட்டிருக்கலாம். ‘சாமி’ எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-ஏ-எம்-ஐ, நடுவில் ஒரு டபிள்யூ போட்ட சாமி என்று மூன்று வேடத்தில் வருவார். கோவிந்தனுக்கு முதலெழுத்து ஜி, கே, சி மூன்றும் நடக்கும். விண்ணப்பம் போடும் முன் ஒரு தாளில் பெயரின் மெய்யொலிகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய ஆங்கில எழுத்துகளைக் கீழே அடுக்கிக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் தேட வேண்டும். அப்பா பெயரையும் இதே மாதிரி பிரித்துப் போடுங்கள். மகன் பெயரை அப்பா பெயராக வைத்துப் பதிந்த கூத்தும் நடந்திருக்கிறது.

திருமணப் பதிவைத் தேடுபவர்கள் ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டும்: 1961 செப்டம்பர் 15. மாதர் சாசனம் என்ற சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்துத் திருமணங்களைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாலை மாற்றித் தாலி கட்டினால் முடிந்தது. ஆகவே 1950-களில் நடந்த கல்யாணத்துக்கு அரசாங்கச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதுவே போதும். இரு வீட்டாரின் ஊரும் தாத்தா பெயரும் அதில் இருக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1880-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே காதிகளின் பதிவேடுகள் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் 1888-இல் வந்தது. அதற்கு முந்தியவர்கள் குவீன் ஸ்திரீட்டில் இருக்கும் புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சேர்ந்தவர்களாக இருந்திருப்பார்கள். பழைய பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். பெயர்களும் லத்தீன் வேடம் போட்டிருக்கும், அருளப்பன் யோவான்னெஸ் ஆகிவிடுவார்.

கல்லறையை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிடாடரி இடுகாடு 1972-இல் மூடப்பட்டது, பிறகு தோண்டி எடுக்கவும்பட்டது. சுவா சூ காங் இடுகாட்டில் 1998-இல் வந்த கொள்கைப்படி ஓர் உடல் 15 ஆண்டுதான் மண்ணில் இருக்கும். கல்வெட்டைப் படம் எடுக்கும் வேலை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் இணையத்தளத்தில் இருக்கின்றன. மரண அறிவித்தல்கள், கருமாதி அழைப்புகள், நன்றியறிவித்தல்கள் மூன்றையும் பாருங்கள். பிறந்த ஊரைச் சொல்லும் வழக்கம் அவற்றில் உண்டு. ஆனால் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் நம்பாதீர்கள். பழைய அச்சில் இருக்கும் றா, னை போன்ற கூட்டெழுத்துகளைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. இறந்த தேதி தெரிந்தால் அன்றிலிருந்து இருபது நாள் இதழ்களைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்துவிடுவதே விரைவான வழி. பதினாறாம் நாள் காரியம் எப்படியும் அதற்குள் வந்துவிடும். ஆங்கிலப் பத்திரிகைகளில் தமிழர் பெயர் வருவது பெரும்பாலும் வழக்கு, விபத்து, விளையாட்டு மூன்றில்தான். வழக்குச் செய்தி வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை செய்த இடமும் குடியிருந்த தெருவும் அதில் கிடைக்கும்.

இனிக் கப்பல். பயணம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் எந்தக் காகிதம் இருக்கும், எது இருக்கவே முடியாது என்பது புரியும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. 1860-இலிருந்து 1911 வரை போன 1,52,184 பேருக்கும் எண் போட்டு, அப்பா பெயர், கிராமம், தாலுகா, சாதி, உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களுக்கு அப்படி ஒரு பொதுத் தொகுப்பு இல்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. அதற்கு முன்பே தொடங்கி அதன்பின் முழுதாக நிலைத்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே உரிமம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய், பங்காளி, மாமன் மச்சான், பக்கத்துத் தெரு என்று ஆள் சேர்த்து வருவார். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதலாளிகளிடம் தண்டல் பெற்று ஒரு குடியேற்ற நிதி அமைந்தது. கப்பல் செலவை அந்த நிதி பார்த்துக்கொண்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். கப்பல் பினாங்கைத் தொட்டதும் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு வந்தால் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தொற்றுத்தடைக் காவல். 1938-இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தியது.

பட்டியல் இல்லாத குறையை இந்த முறையே ஈடு செய்கிறது. கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டத்திலும்தான் ஆள் பிடிப்பார். ஆகவே ஒரே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். உங்கள் குடும்பத்தின் ஊர் தெரியவில்லை என்றால், அதே முனிசிபல் லயத்தில், அதே துறைமுகக் குடியிருப்பில், அதே தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்த குடும்பங்களின் ஊரைக் கேளுங்கள். பழைய குழுப் படத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். மூன்று குடும்பம் ஒரே தாலுகாவைச் சொன்னால் நான்காவதும் அங்கேதான். இதே கணக்கில்தான் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் பக்கம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஊர்ச் சங்கங்களே இருப்பதால் தேடும் வேலை பாதி குறைவு.

‘தாத்தா ரஜூலாவில் வந்தார்’ என்று சொல்லாத வீடு இல்லை. ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. ஓடிய காலம் நீண்டதால் கப்பல் என்றாலே ரஜூலா என்று ஆகிவிட்டது. தாத்தா 1920-இல் வந்திருந்தால் அது வேறு கப்பல். 1970-களின் பிற்பாதி என்றால் எம்.வி. சிதம்பரமாக இருக்கலாம். கப்பல் பெயரை வைத்து வந்த ஆண்டைக் கணிக்காதீர்கள். வந்த ஆண்டை வைத்துக் கப்பலைச் சரிபாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தவர்கள் என்றால் வழி வேறு. 1825-இலிருந்து 1873 வரை இந்தியக் கைதிகளை இங்கே வைத்திருந்தார்கள். தண்டனை முடிந்தபின் இங்கேயே தங்கியவர்கள் உண்டு. அந்தக் காலத்து நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆவணங்கள் கையெழுத்துப் பிரதிகளாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1867 ஏப்ரல் வரை இந்தக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்ததால், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவையும் பார்க்க வேண்டியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். ஆவணக் காப்பகத்தில் மற்றவர்கள் முதலில் கேட்க வேண்டியது வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள். உங்கள் தாத்தாவின் குரல் இருக்காது, ஆனால் அவரோடு அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் குரல் இருக்கலாம்.

ஊர் பிடிபட்டதும் வரைபடத்தில் தேடும்போது அடுத்த குழப்பம் தொடங்கும். பழைய காகிதத்தில் இருக்கும் ஜில்லா இன்றைக்கு இல்லை. மன்னார்குடி 1997-இலிருந்து திருவாரூர் மாவட்டம். நாகப்பட்டினம் தஞ்சாவூரிலிருந்து 1991-இல் பிரிந்தது. ‘மாயவரம்’ என்பது இன்றைய மயிலாடுதுறை. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், பிறகு திருச்சி ஜில்லாவில் சேர்ந்து, 1974-இல் தனி மாவட்டம் ஆனது. தென்னார்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அந்த ஊர்க்காரர்களின் பதிவுகள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும். ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்திலும் உண்டு, புதுக்கோட்டை மாவட்டத்திலும் உண்டு. புதுப்பட்டிகளை எண்ணி மாளாது. தாலுகா இல்லாத ஊர்ப் பெயரை எழுதி வைப்பதில் பயனில்லை.

தமிழ்நாட்டில் நிலப் பதிவுகள்தான் பிறப்புப் பதிவுகளைவிட ஆழமாகப் போகும். சிற்றூர்களில் பழைய பிறப்புகள் பல பதிவாகவே இல்லை. இன்றைய பட்டாவையும் சிட்டாவையும் அரசு இணையத்தளத்தில் பார்க்கலாம். அதில் தாத்தா பெயர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். 1979-க்கும் 1987-க்கும் இடையில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது ஊரில் இல்லாதவர்களின் பெயர்கள் பல விடுபட்டன, அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது. வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் அதற்கு முந்திய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். சர்வே எண் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் ஜமீன் கிராமங்கள் அதிகம். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் அங்கே ரயத்துவாரிப் பதிவேட்டை (அரசே உழவரிடம் நேராக வரி வாங்கிய ஊர்களின் பதிவேட்டை) தேடிப் பயனில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகல் வாங்க முடிந்தால் விடாதீர்கள். ‘இன்னார் மகன் இன்னார், இன்ன சாதி, விவசாயம், இன்ன ஊரில் இருப்பு’ என்று ஒரே வரியில் நாம் தேடுவது எல்லாம் இருக்கும். ‘தற்போது சிங்கப்பூரில் இருப்பு’ என்ற வரி வந்தால் தேடியவர் அவர்தான். நகல் கேட்க ஆவண எண்ணும் ஆண்டும் வேண்டும். அவை வில்லங்கச் சான்றில் வரும். கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-இல் ஒழித்தபோது பழைய கிராமக் கணக்குகள் எல்லாம் ஒழுங்காக அலுவலகம் போய்ச் சேரவில்லை. முன்னாள் கர்ணம் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

நகரத்தார் குடும்பங்களுக்கு இவ்வளவு அலைச்சல் கிடையாது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்களில்) ஓடிய மூன்றெழுத்து விலாசத்தில் அப்பாவும் பாட்டனும் அடக்கம். ஒன்பது நகரக் கோயில்களில் எது என்று தெரிந்தால் அந்தக் கோயிலின் புள்ளிக் கணக்கு (மணமான குடும்பங்களின் கணக்கு) வழிகாட்டும். யாழ்ப்பாணத் தமிழர்களுக்குத் தோம்பும் (பழைய நிலப் பதிவேடு) உறுதியும் (நிலப் பத்திரம்) மிஷன் தேவாலயப் பதிவேடுகளும் இருக்கின்றன. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஊருக்குள் போய் முதல் பேச்சில் சொதப்பினால் இத்தனை மாத வேலையும் வீண். எழுபது எண்பது ஆண்டு கழித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பட்டா நகலோடு வந்து ‘இது எங்கள் தாத்தா நிலம்’ என்றால் பங்காளி என்ன நினைப்பார்? பாகம் கேட்க வந்திருக்கிறான் என்றுதான். அதன்பின் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். காகிதங்களைப் பையில் வையுங்கள். கையில் படம் மட்டும் இருக்கட்டும், தாத்தாவின் படம், முடிந்தால் வம்சாவளித் தாள். ‘சாமி கும்பிட வந்தோம்’ என்று தொடங்குங்கள், அது உண்மையும்கூட. பூசாரியையும் ஊரின் மூத்த பெண்களையும் முதலில் பாருங்கள். யார் யாருக்குப் பெண் கொடுத்தது, எவன் கோபித்துக்கொண்டு கப்பலேறினான் என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கும். கூடுமானால் ஒரே கதையை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுபவரின் கதைதான் மிஞ்சும்.

போகும் நாளையும் பார்த்துப் போங்கள். தென் மாவட்டங்களில் குலதெய்வக் கோயில்களுக்கு மாசி சிவராத்திரி, திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரம். வெளியூரில் இருக்கும் பங்காளிகள்கூட அன்றைக்கு வந்து நிற்பார்கள். ஒரு நாளில் நாற்பது பேரைப் பார்த்துவிடலாம். ரயில் டிக்கெட்டை மட்டும் இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள்.